மூச்சு இழந்த பியானோ

மாங்குளம் சந்தியில் பால் கறக்கும் மெஷின் திருத்தும் கடை வைத்திருந்தவள் மேனுகா. திங்கட்கிழமை மத்தியானம் வலது கையில் துணிக்கட்டோடு பர்வின் அங்கே வந்து சொன்ன கதையில் ஓட்டோக்காரன் சியாமுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. திருத்த வேலைகளுக்கு மேனுகாவை ஏற்றிப் போகிறவன் அவன். புதிர் என்றால் சவாரியை மறந்துவிடுவான்.

வட்டக்கச்சியில், கனடாவிலிருந்து திரும்பிய தவராசா வீட்டில் பர்வினுக்குச் சமையல் வேலை. அங்கே தானாக வாசிக்கும் ஒரு பியானோ இருந்தது. துளையிட்ட கடதாசிச் சுருளைப் பூட்டிக் கீழேயுள்ள மிதிகளை மிதித்தால், காற்று உறிஞ்சப்பட்டுக் கட்டைகள் தாமாகவே விழும். சனி பின்னேரம் வரை நன்றாகப் பாடியது ஞாயிறு காலை இழுபட்டு நின்றுவிட்டது. நாளைக்கு அதை வாங்க ஆள் வருகிறது. வெள்ளிக்கிழமை கஞ்சிப்பானை சரிந்து கை வெந்ததால் மறுநாள் சமையல் பிந்தி, தவராசா அவளை ஏசியிருந்தார். அந்தக் கோபத்தில் அவள் மிதியோடு சேர்ந்து காற்றை உறிஞ்சும் கீழ்ப் பையை வெட்டிவிட்டாள் என்கிறார். பொலிசுக்குப் போகப் போகிறாராம்.

“நான் தொடேல்லை அக்கா,” என்றாள் பர்வின். “காத்து உறிஞ்சுற மெஷின் எண்டா உங்களுக்குத் தெரியுமெண்டு சொல்லிச்சினம்.”

மூவரும் வட்டக்கச்சிக்குப் போனார்கள். தவராசா முகத்தைச் சுளித்தாலும் தடுக்கவில்லை. மேனுகா மிதித்துப் பார்த்தாள். சேற்றில் வைத்ததுபோல் கால் சும்மா இறங்கியது. பாட்டு இரண்டு அடி நடந்து படுத்துவிட்டது. பிறகு நெம்புகோலைத் திருப்பி, மிதித்துச் சுருளைப் பின்னுக்குச் சுற்றினாள். இப்போது மிதி இறுகியது, சுருள் விர்ரென்று ஓடியது. சியாம் குழம்பிப்போனான். பை வெட்டுப்பட்டிருந்தால் இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? தன் கொப்பியில் ‘அரைவாசி வெட்டு’ என்று எழுதி, உடனே கோடிட்டு அழித்தான்.

தேத்தண்ணி கொண்டுவந்த தவராசாவின் மனைவி சுதாஜினி, நிலத்தைப் பார்த்தபடி, “பர்வின் மேல்பெட்டிப் பக்கம் போனதை நான் காணேல்லை,” என்றாள்.

மேனுகா பியானோவின் மேல்கதவைத் திறந்தாள். தான் கொண்டுவந்த பால் மெஷின் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை உள்ளே இருந்த பெட்டியின் பொருத்துக்களில் நகர்த்தினாள். தவராசா மிதித்தார். இடது ஓரத்தில் இரைச்சல் கேட்டது. அங்கே ஆறு திருகாணிகள் தளர்ந்திருந்தன, தலைகளில் புதுக் கீறல்கள்.

“சுருளைப் பின்னுக்குச் சுத்தேக்கை, கட்டையளை இழுக்கிற மேல்பெட்டிக்குப் போற வழி அடைபடும்,” என்றாள் மேனுகா. “அப்ப நல்லாய் உறிஞ்சுது. அதால கீழ்ப் பையில குறையில்லை, ஒழுக்கு மேலதான். வெயிலுக்கு மரம் சுருங்கி ஆணி தளரும். ஆனா ஒரே நாளில ஆறும் தளராது, தலையில புதுக் கீறலும் விழாது. ஒரு கையால பெட்டியைத் தாங்கி மற்றக் கையாலதான் இதைத் திருகலாம். பர்வினுக்கு வெள்ளியிலயிருந்து ஒரு கைதான்.”

சியாம் ஆவலோடு தவராசாவைப் பார்த்தான். மேனுகா தலையசைத்து மறுத்தாள்.

“இவர் கீழ்ப் பையை விட்டு வேறொண்டும் கதைக்கேல்லை. நான் திறக்க முதலே மேல்பெட்டி எண்டு சொன்னது ஒராள்தான்.”

சுதாஜினி தட்டை மேசையில் வைத்தாள். பியானோ அவளுடைய அப்பாவின் சொத்து. பாடாவிட்டால் வாங்க வருகிறவர் போய்விடுவார் என்று நினைத்து அவளே ஆணிகளைத் தளர்த்தினாளாம். பழி பர்வின்மேல் விழும் என்று எண்ணவில்லை. விழுந்த பிறகு வாய் திறப்பது மணிக்கு மணி கடினமாகிவிட்டது.

தவராசா கதிரையில் இருந்துவிட்டார். “அப்பா போன பிறகு நீர் இதுக்குக் கிட்டவே வரேல்லை. பாக்கப் பாக்க உமக்கு நோகுதெண்டுதான் விக்க நினைச்சனான்.”

“என்னட்டக் கேட்டிருக்கலாம்.”

“நீரும் சொல்லியிருக்கலாம்.”

யார்மேல் கோபப்படுவதென்று சியாமுக்குத் தெரியவில்லை. மேனுகா ஸ்குரூ டிரைவரைச் சுதாஜினியிடம் நீட்டினாள். அவளே ஆறு ஆணிகளையும் இறுக்கி, உட்கார்ந்து மிதித்தாள். பாட்டு முழு மூச்சோடு எழுந்தது. தவராசா பர்வினிடம் தன் பிழையை ஒத்துக்கொண்டு, நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

“நாளைக்கு வரமாட்டன்,” என்றாள் பர்வின். “பொலிஸ் எண்டு நீங்கள் எங்கட வீட்டு வாசலில நிண்டு கத்தினது என்ர பிள்ளையளுக்கும் கேட்டது. ரெண்டு பேரும் வந்து அதுகளிட்டச் சொல்லுங்கோ. வேலையைப் பிறகு பாப்பம்.”

சுதாஜினி மிதியிலிருந்து காலை எடுத்தாள். பாட்டு பாதியில் நின்றது. அவள் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முதல் போய் ஓட்டோவில் ஏறினாள்.