இரண்டு துடிப்பு என்றால் வலது

பேக்கரியை விட்டு வெளியே வந்த தோரா கெசல் இடது பக்கம் திரும்பப் போனபோது, உள்ளங்கையில் இருந்த கைபேசி இரண்டு முறை துடித்தது. இரண்டு துடிப்பு என்றால் வலது. அவள் வீடு இருந்தது இடது பக்கம்.

பார்வை முழுக்கப் போய் மூன்று வருடம். அன்றிலிருந்து போர்ட் கேலனின் தெருக்களை இந்தத் துடிப்புகளை நம்பித்தான் நடந்தாள். ஒன்றுக்கு இடது, இரண்டுக்கு வலது, நேராகப் போனால் விட்டுவிட்டு ஒரு மெல்லிய சிணுங்கல், ஆபத்து என்றால் எலும்பு வரை உதறும் நீண்ட அதிர்வு.

கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கடைக்காரர் வெர்ன் கிண்டலடித்தார். "என்ன தோரா, சொல்லாம கொள்ளாம வீடு மாத்திட்டியா?"

"நகராட்சிக்காரங்க எங்கயாவது தோண்டிப் போட்டிருப்பாங்க. இதுக்குத் தெரியும்," என்றாள்.

போன வாரமும் இது இப்படித்தான் சுற்றிக் கூட்டிப் போனது. குழாய்க்காக வெட்டிய ஆளுயரப் பள்ளத்துக்கு நாலடி தள்ளி அவள் நடந்து வந்ததை அக்கா அவிஸ் பிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். இதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

வலது பக்கம் நடந்தாள். ரொட்டி வேகும் மணம் முதுகுக்குப் பின்னால் மெலிந்து, அழுகிய கடற்பாசியின் வாடை குளிர்காற்றோடு முகத்தில் வந்து மோத, லாரிகளின் இரைச்சலும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் கூச்சலும் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் அவள் குச்சி சிமெண்டில் தட்டும் ஓசை மட்டும் மிஞ்சியது. நேராக, நேராக என்று கைபேசி சிணுங்கியது. சிமெண்ட் முடிந்து சரளை வந்தது. சரளை முடிந்து மணல். பிறகு குச்சி ஓசையே எழுப்பவில்லை. நுனி எதிலோ மெத்தென்று புதைந்தது.

சேறு. கடல் உள்வாங்கிப்போன வெற்றுச் சேற்றுவெளி. இந்த வளைகுடாவில் தண்ணீர் ஒரு மைலுக்குப் பின்வாங்கும். திரும்பி வரும்போது மனிதர் ஓட்டத்தை முந்திக்கொண்டு வரும். ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

திரும்பினாள். நீண்ட அதிர்வு கையை உதறியது. இடப்பக்கம் கால் வைத்தாள். உதறல். வலப்பக்கம். உதறல். வந்த வழி எதுவென்று இப்போது தெரியவில்லை. எல்லாத் திசையிலும் ஒரே காற்று. மெல்லிய சிணுங்கல் ஒரே ஒரு பக்கம்தான் வந்தது. நிற்கலாம் என்றால் கால் புதைகிறது. போனாள்.

அவிஸைக் கூப்பிடும்படி கைபேசியிடம் சொன்னாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

"அக்கா, வழி தப்பிட்டேன். சேத்துல நிக்கிறேன். யாரையாவது கூட்டிட்டு வா."

"சேறா? என் போன் மேப்புல உன்னைக் காட்டுற புள்ளி நம்ம வீட்டு வாசல்லதானே நிக்குது?"

"நான் அங்க இல்ல அக்கா."

"இரு, வாசலுக்கு வர்றேன்." செருப்புச் சத்தம். தாழ்ப்பாள். "யாரையும் காணோமே. நிசமாவே கடல் பக்கம் போயிட்டியா? அசையாம நில்லு, நான் வெர்னைக் கூப்பிட்டு..."

பேச்சு நின்றது. கணுக்காலைக் குளிர்ந்த ஏதோ ஒன்று தொட்டு விலகியது. மறுபடி தொட்டது. விலகவில்லை.

"அக்கா?"

"அட, குச்சி சத்தம் கேக்குது," என்றாள் அவிஸ். அவள் குரலில் இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது. "வேலி முனைக்கு வந்துட்டே. ஏண்டி இப்படிப் பயங்காட்டுற?"

"அது நானில்ல. கதவைச் சாத்து. அக்கா, கதவைச் சாத்து!"

அக்காவின் போன் எதன் மேலோ வைக்கப்படும் ஓசை கேட்டது. அழைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை. தோரா கத்தினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொண்டை கிழியக் கத்தினாள். அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

அங்கிருந்து ஒரு குரல் பேசியது. நிதானமாக, கொஞ்சம் சோர்வாக.

"ரொம்பக் குளிருதுக்கா. கதவைச் சாத்து."

தோராவின் குரல்.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு தோரா கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்டிலில் நீர் கொதித்தது. மேசையில் இரண்டு கோப்பைகள் வைக்கப்பட்டன. ஒரு நாற்காலி, அக்காவுக்கு மிக அருகில் இழுக்கப்பட்டது.