ஐந்தாவது சிப்

நாலு சிப் உள்ள போர்டிலிருந்து ஐந்து சிப் பதில் சொன்னது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஐந்துதான். கம்பெனி அனுப்பும் சர்க்யூட் போர்டுகளை வீட்டுப் பின்னறையில் சோதித்துத் தருவதுதான் அவள் வேலை. இதிலேயே ஊறியவளிடம் இந்த வம்பா? ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்திய சாயங்கால வெளிச்சம், மேசைமேல் ஈயம் உருகிய வாசனை, விசிறியின் முனகலுக்கு நடுவே பக்கத்து அறையில் மகள் சின்னு வாய்விட்டுப் பாடம் படிக்கிற ராகம், எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன.

சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. சிப்புகளை வரிசையாகக் கோத்த ஒரு கம்பி வழியே ஒன்றும் பூஜ்யமுமாக அனுப்பினால், சிப்பின் மூளையை ஒதுக்கிவிட்டு அதன் கால்களை, அதாவது ஓரத்து உலோகப் பின்களை, நாமே ஆட்டலாம். ஒன்றின் காலுக்கு 'ஒன்று' கொடுத்து உயர்த்தினால் அடுத்ததன் காலில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் நடுவே பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. முடிந்ததும் ரீசெட் கொடுத்துக் கால்களை அந்த மூளையிடமே திருப்பித் தரவேண்டும். அதற்குள் கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினால், கடைசியாகச் சொன்ன நிலையிலேயே அவை விறைத்து நிற்கும். அப்படியே பிடுங்கித் தொலைத்தாலும் பாதகமில்லை, போர்டின் பவரை அணைத்தால் சரியாகிவிடும்.

திரையில் மற்ற நாலுக்கும் பெயர் வந்தது. ஐந்தாவதற்குப் பெயர் இல்லை. கால்கள் மட்டும் இருநூற்றுக்கும் மேல்.

"யாருப்பா நீ, அழையா விருந்தாளி?" என்று முணுமுணுத்தபடி அதன் ஒரு காலை உயர்த்தினாள்.

பக்கத்து அறையில் பென்சில் விழுந்து உருண்டது.

இன்னொரு கால். நாற்காலி கிறீச்சிட்டது.

"சின்னு, என்னடி அங்க உருட்டிட்டிருக்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. கை தானா தூக்குது."

"ஆமா, வீட்டுப்பாடம்னாலே உனக்குக் கை தானா தூக்கும், கால் தானா ஓடும். ஒழுங்கா உக்காந்து எழுது."

சின்னு சிரிக்கவில்லை. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிற வாய் அது. அவள் பார்வை திரைக்கும் அந்த அறைக்குமாகப் போய் வந்தது.

சே, என்ன பைத்தியக்கார நினைப்பு! போர்டில்தான் கோளாறு என்று தன்னையே அதட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள். புதுப் போர்டு மாட்டினால் முழுச் சோதனையும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். பதற்றத்தில் அது அவளுக்கு நினைவில்லை.

திரையில் எண்கள் ஓடின. மறுபடியும் ஐந்து.

பக்கத்து அறையில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. பிறகு வெறுங்கால் சத்தம். தரையில் அறைந்து அறைந்து வைக்கிற, குழந்தை வைக்காத அடிகள். திரையில் ஒரு வரி நகர்ந்தால் ஓர் அடி.

"சின்னு, அங்கயே நில்லுடா கண்ணு!"

"நான் நடக்கலைம்மா."

அடுத்த வரி. அடுத்த அடி.

"அம்மா, வலிக்குது. நிறுத்தச் சொல்லும்மா."

ரீசெட். ரீசெட் எங்கே? விரல் விசைகளின் மேல் தடவித் தேடியது. சோதனையின் கடைசி வரி திரையில் ஏறியது. எல்லாக் கால்களும் ஒன்று. எல்லாமே மேலே.

"அம்மா" என்று கத்த வந்த குரல் பாதியில் நின்றது.

கேபிளைப் பிடுங்கினாள்.

ஐயோ.

பிடுங்கின பிறகுதான் உறைத்தது. பவரை அணைத்தாள். போர்டின் பச்சை விளக்கு செத்தது. நாலு சிப்பும் விடுபட்டிருக்கும். ஐந்தாவது? அது இந்தப் பவரில் ஓடவில்லையே.

மறுபடி மாட்டினாள். பவரைப் போட்டாள். வா. வந்துடு. தயவுசெய்து வந்துடு.

நாலு.

மறுபடியும். நாலு.

நாலேதான்.

மெல்லத் திரும்பினாள். அறை வாசலில் சின்னு. இரண்டு கையும் தலைக்கு மேல். பத்து விரலும் விரிந்து. வாய் திறந்தபடி. மூச்சை இழுத்து ஏறிய மார்பு ஏறியபடியே நின்றது.

இறங்கவில்லை.

கண்கள் மட்டும் அசைந்தன. அம்மாவையே பார்த்தன.