கோட்டை வீட்டில் ஒரு தும்மல்

டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த லாரி, மலாக்காக் கடற்கரையில் கோட்டை வீட்டின் முன் நின்றது.

அது மலாய் பேசும் ஒரு சீனக் குடும்பத்தின் பழைய மாளிகை. அவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருந்தார்கள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் ஊரார் வந்து சுற்றிப் பார்க்கலாம்.

மாளிகையின் உச்சியில் ஒரு கோபுரம். அதில் ஏறிக் கடலைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளில் ஒருத்தியான கமலவேணி பல நாளாய் ஏங்கியிருந்தாள்.

தம்புசாமி வாத்தியார் முன்னால் நடக்க, பிள்ளைகள் தடதடவென்று உள்ளே ஓடினார்கள். கமலவேணி மட்டும் ஒவ்வோர் அறை வாசலிலும் நின்றாள்.

"போலே மாசோக்?" என்றாள். 'உள்ளே வரலாமா' என்பதற்கு மலாய்ச் சொல் அது.

"யாருகிட்ட கேக்குற? நாற்காலிகிட்டயா?" என்று சிரித்தான் தனபாலன்.

"இது ஆளு இருக்குற வீடு லா!"

அவர்களுடைய எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளின் கதவுகள் திறந்தே கிடக்கும். ஆனாலும் குரல் கொடுக்காமல் யாரும் படியேற மாட்டார்கள்.

மற்றவர்கள் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார்கள். கமலவேணி கடைசி அறை வாசலில் நின்று கேட்டாள். பதில் வந்தது.

"வராதே!"

மரத்தட்டிக்குப் பின்னாலிருந்து வந்த சின்னக் குரல் அது.

"யாரு?" என்று மலாயிலேயே கேட்டாள்.

"லெங். இது என் வீடு. குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நீங்கெல்லாம் வந்துட்டீங்க. சட்டை எதிர் அறையில இருக்கு. நான் துண்டோட நிக்கிறேன். எல்லாரும் பார்த்துச் சிரிப்பாங்க."

கமலவேணி சிரிக்கவில்லை.

"ஹச்!" என்று தும்மினான் லெங்.

தும்மல் கேட்டு, "பேய்!" என்று கத்திக்கொண்டே தனபாலன் ஓடி வந்தான். அவன் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் வாத்தியாரும் வந்தார்கள்.

கமலவேணி தட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். என்ன சொல்வது? சட்டென்று ஒன்று தோன்றியது.

"சார்! கோபுரத்துலேருந்து பார்த்தா கப்பல் தெரியுமா சார்?"

"ஓ, தெரியுமே! வாங்க, வாங்க!"

பேயை மறந்து எல்லாரும் மாடிப்படிக்குப் பாய்ந்தார்கள்.

"இப்ப ஓடு. நான் பாக்கல," என்று கமலவேணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஈரக் கால்கள் சளப் சளப்பென்று கடந்து போயின.

"நான் சட்டை போடுற வரைக்கும் வாசல்ல நிக்கிறியா?" என்றது குரல்.

மேலேயிருந்து, "அதோ கப்பல்!" என்று சத்தம் கேட்டது. கமலவேணி மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு எதிர் அறைக் கதவோரம் போய் நின்றாள்.

லெங் கடைசிப் பொத்தானைப் போடுவதற்குள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். வாத்தியார் அவளையும் லாரிக்கு அழைத்தார். அவள் ஏறி, ஓரத்தில் உட்கார்ந்தாள்.

டொக், டொக். யாரோ லாரியின் பின்பலகையைத் தட்டினார்கள்.

"போலே மாசோக்?"

ஈரத்தலையும் வெள்ளைச் சட்டையுமாக லெங் நின்றிருந்தான்.

"லாரிக்குமா கேக்குறது!" என்றான் தனபாலன்.

லெங் வாத்தியாரைப் பார்த்தான். "இந்த அக்கா எனக்காகக் கீழேயே நின்னுட்டாங்க. கோபுரத்தைப் பாக்கவே இல்ல. நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

வாத்தியார் கமலவேணி பக்கம் திரும்பினார். "போயிட்டு வாம்மா. நாங்க இருக்கோம்."

இருவரும் படியேறினார்கள். லெங் முந்திக்கொண்டு கோபுர அறைக்குள் ஓடினான். கமலவேணி வழக்கம்போல வாசலில் நின்றாள்.

"போலே மாசோக்?"

"மாசோக்!" என்று லெங் ஜன்னல்களை விரியத் திறந்தான்.

உள்ளே அவளுக்காக முழுக் கடலும் காத்திருந்தது.