மூன்றடுக்குக் கேக்கும் இரண்டாம் சார்ஜரும்

பிற்பகல் 3.35. நூலகத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடம். இரண்டாம் சார்ஜருக்கு அருகில் நின்ற வெள்ளைக் காரின் டிக்கி திறந்தது. உள்ளே இருக்க வேண்டிய மூன்றடுக்குக் கல்யாணக் கேக் இல்லை.

கேக்கைச் செய்தவள் டிக்கியைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள். அப்போதும் இல்லை. சர்க்கரையில் செய்த இரண்டு குருவிகள் இருந்த டப்பாவை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையால் அக்காவுக்கு போன் போட்டாள். அழுகைதான் வந்தது.

3.42. அக்கா வந்து சேர்ந்தாள். வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொள்வது அவள் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை என்பதால் ஊரே அவளை மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரர் சொல்லும் கதையைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணை மீட்டரில் வைத்திருக்கிற பழக்கம் அவளுக்கு. மனிதர் சொல்வது ஒன்று, எண் சொல்வது ஒன்று என்றால் எண்ணைத்தான் நம்புவாள். விடுமுறை நாள் தூக்கம் கலைந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

"அழறத அப்புறம் வச்சுக்கலாம். மணியைச் சொல்லு. வரிசையா."

"ஒண்ணேகாலுக்கு காரை இங்க விட்டு சார்ஜ்ல போட்டேன். ஏசியை ஓட விட்டேன். க்ரீம் கேக்குக்கா. வீட்ல அடுப்படி அனல் தாங்காது, காருக்குள்ளதான் ஜில்லுனு இருக்கும். பூட்டிட்டு வீட்டுக்குப் போய் குருவி செஞ்சேன்."

"அப்புறம்?"

"ரெண்டு நாப்பதுக்கு ஆப்ல வந்துச்சு. சார்ஜ் நிறைஞ்சிடுச்சு, நத்தை காத்திருக்கார், இடம் குடுக்கலாமான்னு. குடுத்துட்டேன்."

‘இடம் கொடு’ என்பது அந்த ஆப்பின் பெயர். மூன்றே சார்ஜருக்கு இருநூறு பேர் முட்டி மோதிக்கொண்டிருந்த பேட்டையை வரிசையில் நிற்க வைத்த புண்ணியம் அதற்குத்தான். அதில் சொந்தப் பெயர் கிடையாது, போன் எண் கிடையாது, பட்டப்பெயர் மட்டும். ஒருவருக்கு மட்டும் செய்தி அனுப்ப வேண்டுமானால் சார்ஜரின் எண்ணை அழுத்த வேண்டும். அந்தச் சார்ஜரில் யாருடைய கார் மாட்டியிருக்கிறதோ அவருக்குப் போய்ச் சேரும். ஒருவர் இடம் கொடுத்ததும் அடுத்தவர் வந்து ஒயரைக் கழற்றித் தன் காரில் மாட்டிக்கொள்வார். ஒரு தடவை கை மாறினால் மாறியதுதான். மனசு மாறிப் பழைய காரிலேயே திருப்பி மாட்டினாலும் சார்ஜர் ஏறெடுத்தும் பார்க்காது.

"இடம் குடுத்தா உன் கார் என்ன பண்ணும்?"

"ஒயரோட பூட்டை விட்டுடும்." தங்கையின் குரல் தேய்ந்தது. "கூடவே கதவெல்லாம் திறந்துக்கும்."

"மறுபடி பூட்டினியா?"

தங்கை இல்லையென்று தலையாட்டினாள். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பழைய காராக வாங்கியது. அதன் குணமெல்லாம் இன்னும் பிடிபடவில்லை.

பின்கண்ணாடியில் தங்கையின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘உள்ளே கல்யாணக் கேக். இடித்துவிடாதீர்கள்.’

"பூட்டாத பெட்டிக்கு விலாசம் வேற எழுதி ஒட்டியிருக்க" என்றாள் அக்கா.

"கிண்டல் பண்ணாத. அஞ்சு மணிக்கு வரவேற்பு. இங்கேருந்து இருபது நிமிஷம். நாலரைக்குள்ள கிளம்பணும்." வங்கி வேலையை விட்டுவிட்டு மாவில் கை வைத்தவளுக்கு வந்த முதல் கல்யாண ஆர்டர் அது. "இது போச்சுன்னா என்கிட்ட ஒரு பன் வாங்கக்கூட ஆள் வராது."

அக்கா சுற்றிலும் பார்த்தாள்.

பக்கத்தில் ஒரு நீலக் கார். அதே கம்பெனி, அதே ரகம், நிறம் மட்டும் வேறு. இரண்டாம் சார்ஜரின் ஒயர் இப்போது அதில் மாட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

"இதுதான் நத்தையோட கார். ‘கேக் எங்கே’ன்னு ரெண்டாம் சார்ஜருக்கு மூணு தடவை அனுப்பிட்டேன். பதிலே இல்ல. அவன்தான் திருடன்!" தங்கை போனை நீட்டினாள். இருநூறு பேருக்கும் போகிற மாதிரி ஒரு செய்தி தயாராக இருந்தது: ‘நம் கூட்டத்தில் ஒரு திருடர். பெயர் நத்தை.’ அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அக்கா போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "இருபது நிமிஷம் குடு. அதுக்குள்ள கிடைக்கலைன்னா நானே அனுப்பறேன்."

3.50. அக்கா குனிந்து வெள்ளைக் காரின் அடியில் பார்த்தாள். தரையில் ஒரு ஈரத் திட்டு. நடுவில்தான் ஈரம், ஓரமெல்லாம் காய்ந்து கோடாக நின்றது. சொட்டு விழவில்லை.

"ஐயோ, க்ரீம் உருகிடுச்சா?"

"க்ரீம் உருகினா எறும்பு வந்திருக்கும்."

நிமிர்ந்தபோது புத்தகப் பெட்டி கண்ணில் பட்டது. படித்த புத்தகங்களை உள்ளே போகாமலேயே திருப்பிப் போட நூலகம் வைத்திருக்கிற இரும்புப் பெட்டி. வாய் வரை நிரம்பி, ஒரு படப் புத்தகம் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அட்டைப்பட யானையின் வால் மட்டும் தெரிந்தது. அக்கா அதை உள்ளே தள்ளிப் பார்த்தாள். போகவில்லை. தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

3.54. முதல் சார்ஜரில் ஒரு வேன். உள்ளே பேக்கரிக்காரர், எல்லாருக்கும் பிஸ்கட் மாமா, சாய்ந்து உட்கார்ந்து தன் கடை பிஸ்கட்டையே மென்றுகொண்டிருந்தார். பின்பக்கம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. தங்கை அதைப் பார்த்ததும் பத்ரகாளியானாள்.

"மாமா, எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்றாள் அக்கா.

"மூணு."

"அந்தப் பெட்டி?"

"பெட்டி."

"உள்ள என்ன?"

மாமா இறங்கித் திறந்து காட்டினார். ஆயிரம் காகிதக் கோப்பைகள். "ஏம்மா, உன் கேக்கை எடுத்து நான் எங்க வைக்க? என் கடை குளிர்பெட்டி படுத்து நாலு நாள் ஆச்சு. இந்த வெயில்ல க்ரீம் கேக்கைத் தூக்கறவன் முதல்ல ஜில்லுனு ஒரு இடத்தைப் பார்த்து வச்சிருக்கணும். இல்லாட்டி பத்து நிமிஷத்துல பாயசம்."

"சரியாச் சொன்னீங்க மாமா" என்றாள் அக்கா. அதற்கு அவர் ஏன் அவ்வளவு பாராட்டுப் பெறுகிறார் என்று அவருக்கே புரியவில்லை.

3.59. வாசல் காவலாளி விறைப்பாக நின்றார்.

"ரெண்டரையிலேருந்து இங்கதான் இருக்கேன். ஒரு ஈ, எறும்பு என்னைத் தாண்டிப் போகல."

"கேக் பெட்டி?"

"இல்ல."

"வேற யார் வந்தா, போனா?"

"பல் டாக்டர் அம்மா காரை எடுத்துட்டுப் போனாங்க. கையில சாவி மட்டும். மூணு மணிக்குக் குழந்தைங்க கதை கேக்க உள்ள போச்சுங்க. அவ்வளவுதான்."

"நல்லா யோசிங்க அண்ணா."

"புத்தக வண்டி வந்துச்சு, போச்சு. தினம் வர்றதுதானே, அதையெல்லாம் கணக்குல எடுக்க முடியுமா?"

"எப்போ?"

"ரெண்டே முக்கால் இருக்கும். பெட்டியிலேருந்து புத்தகத்தை அள்ளிட்டுத் துணி போட்டு மூடித் தள்ளிட்டுப் போனாரு."

"அள்ளினதை நீங்க பார்த்தீங்களா?"

"தூண் ஒண்ணு மறைச்சுது. வேற எதுக்கு வரப்போறாரு?"

"அதுக்கப்புறம் யாராவது பெட்டியில புத்தகம் போட்டாங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல."

அக்காவின் முகத்திலிருந்த தூக்கக் கலக்கம் பறந்துபோயிற்று. "வாடி, கதை கேக்கப் போலாம்."

4.06. நூலக வாசலிலேயே சின்னச் சின்ன அறைகளாக ஒரு அலமாரி. ‘கைபேசியை இங்கே வைத்துவிட்டு உள்ளே வரவும். யாருக்கும் விலக்கு இல்லை.’ அக்கா இரண்டு போன்களையும் வைத்துப் பூட்டினாள். பக்கத்து அறை ஒன்றுக்குள் ஏதோ ஒரு போன் விர்ரென்று அதிர்ந்து அடங்கியது. அவள் புன்னகைத்தாள்.

குழந்தைகள் அறையில் இருபது வாண்டுகள் தரையில் உட்கார்ந்திருந்தன. நடுவில் நூலகர். நெட்டையான மனிதர். அதிர்ந்து பேசுவது அவர் அகராதியிலேயே கிடையாது. கறுப்பும் வெள்ளையுமான அடர்ந்த மீசை, ஒரு ஓரத்தில் வெள்ளை சற்றுத் தூக்கல்.

அக்கா குழந்தைகளோடு உட்கார்ந்து கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கதை முடிஞ்சதும் கேளுங்கம்மா."

"நான் ஒரு கதை கொண்டாந்திருக்கேன். சின்னதுதான். காணாமப் போன கேக்கு கதை."

"சொல்லுங்க! சொல்லுங்க!" என்று இருபது தொண்டைகளும் ஒன்றாகக் கத்தின. நூலகர் உதட்டில் விரல் வைத்துப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

"ஒரு ஊர்ல ஒரு வெள்ளைக் கார். அதுக்குள்ள ஜில்லுனு காத்து, காத்துல ஒரு பெரிய கேக்கு. காருக்கு அடியில சொட்டு சொட்டா ஏசித் தண்ணி. திடீர்னு சொட்டு நின்னுபோச்சு. ஏன்?"

"ஏசி நின்னுடுச்சு!"

"சபாஷ். ஒயரைக் கழட்டினா அந்தக் கார்ல ஏசி நின்னுடும். அது புதுசா வாங்கின பொண்ணுக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்? அதே மாதிரி கார் வச்சிருக்கிற நீலக் காருக்காரருக்குத் தெரியும். அவர்தான் ஒயரைக் கழட்டித் தன் கார்ல மாட்டினவர். சத்தம் நின்னதும் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில ‘உள்ளே கேக்’னு எழுதியிருக்கு. வெயில் கொளுத்துது. திருப்பி மாட்டலாம்னா சார்ஜர் ஒத்துக்காது. பாவம், என்ன பண்ணுவார்?"

"கேக்கைக் காப்பாத்துவார்!"

"ஆனா காவலாளி கண்ணுல கேக்கே படலையே. ஒரே ஒரு புத்தக வண்டிதான் போச்சாம். புத்தகத்தை அள்ளிட்டுப் போன வண்டி. ஆனா பெட்டியில புத்தகம் அப்படியே ரொம்பி வழியுது. யானை வால் வெளிய தொங்குது. அப்போ வண்டியில துணிக்கு அடியில போனது என்ன?"

"கேக்கூ!"

"தள்ளிட்டுப் போனது யாரு?"

இருபது விரல்கள் ஒரே திசையில் நீண்டன. நூலகர் திருதிருவென விழித்தார்.

"ஆமாம், நான்தான்" என்றார். "ஆனா நான்தான் தகவல் அனுப்பினேனே! ‘உங்கள் கேக் பழைய ஆவண அறையில் பத்திரமாக இருக்கிறது’ன்னு. இங்க கதை தொடங்கறதுக்கு முன்னாடியே."

"எந்த நம்பருக்கு சார் அனுப்பினீங்க?"

"ரெண்டாம் சார்ஜருக்கு."

"அனுப்பினப்போ ரெண்டாம் சார்ஜர்ல மாட்டியிருந்தது யார் கார்?"

நூலகர் மெல்ல நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் அனுப்பிய செய்தி அவருடைய போனுக்கே போய், அவரே போட்ட விதிப்படி வாசல் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. தங்கை அனுப்பிய மூன்றும் அதற்குத் துணை.

4.17. பழைய வரைபடங்களும் செல்லரித்த செய்தித்தாள்களும் உறங்கும் அறை. வருடம் முழுக்கப் பதினாறு டிகிரி. நடுமேசையில் கேக், உச்சி கலையாமல். பதிவு செய்யாத பொருள் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பது விதியாம். ஆகவே பதிவேட்டில் எழுதியிருந்தது: ‘கேக், மூன்று அடுக்கு. ஆசிரியர் தெரியவில்லை. நிலை: மிக நன்று.’

தங்கை அதைப் படித்துவிட்டு மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

"நூலகத்துல உணவுப் பொருள் கூடாதும்மா" என்றார் நூலகர் குற்றவாளிக் குரலில். "முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான்..."

4.24. கேக் காருக்கு வந்தது. தங்கை இரண்டு தடவை செருகியும் சாவி துவாரத்தில் நிற்கவில்லை.

"சார் ஓட்டட்டும்" என்றாள் அக்கா. "நத்தைன்னு பேர் வாங்கினவர் ஓட்டினா கேக்கு குலுங்காது."

"பின்னாடி நான் பிடிச்சுக்கறேன்" என்று பிஸ்கட் மாமா கேட்காமலேயே ஏறிக்கொண்டார். "பாயசம்னு சொன்ன வாய்க்குப் பரிகாரம்." மிச்சக் கதையைச் சொல்ல காவலாளி குழந்தைகளிடம் போனார். ஈ, எறும்பு கதையாம்.

4.54. மண்டபத்தின் பின்வாசல். வழியெல்லாம் சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. கேக் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். தயாராக நின்ற செய்தியைத் தங்கை எழுத்தெழுத்தாக அழித்தாள். புதிதாக ஒன்று எழுதி இருநூறு பேருக்கும் அனுப்பினாள்: ‘நத்தைக்கு இடம் கொடுத்தேன். அவர் என் கேக்குக்கு இடம் கொடுத்தார். ஞாயிறு காலை இரண்டாம் சார்ஜர் பக்கம் எல்லாரும் வாருங்கள், கேக் உண்டு.’ இதயங்கள் கொட்டோ கொட்டென்று கொட்டின.

குருவிகளை உச்சியில் வைக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, வண்டியைத் தள்ளினது வேற யாராவதா இருந்திருக்கலாமே. உள்ள நுழைஞ்சதும் அவர்தான்னு எப்படி அவ்வளவு அடிச்சுச் சொன்ன?"

அக்கா மேலடுக்கின் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கே க்ரீமில் சுட்டுவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம்.

"அவர் மீசையில இருந்துச்சு" என்றாள்.

தங்கை சிரித்துக்கொண்டே ஒரு குருவியை எடுத்து, சரியாக அந்தப் பள்ளத்தின் மேல் உட்கார வைத்தாள். மணி ஐந்து அடித்தது.