ஒற்றைக் கூவல்

நெரெய்தா வந்தபோது அவள் கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. அதைக் காசில்தாவின் வாசலில் இறக்கி வைத்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் சேவலத் திருடிட்டேனாம்மா. பொழுது சாயறதுக்குள்ள அறையக் காலி பண்ணணுமாம். தெருவே கேக்கற மாதிரி கத்திட்டாங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்தா எங்க கூட்டிட்டுப் போவேன்?"

காசில்தா முப்பது வருடம் மோக்கா வட்டாரத்துக் கோழிகளுக்கெல்லாம் அரசாங்க ஊசி போட்டவள். ஓய்வு பெற்ற பிறகும் கோழி காணாமல் போனாலோ முட்டை குறைந்தாலோ ஊர் அவளைத்தான் தேடி வரும். அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரியும் யோர்திக்குத் தானும் பாதித் துப்பறிவாளன் என்ற நினைப்பு உண்டு. அந்த நினைப்புக்கு இதுவரை எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

"அழாம, நடந்தத மட்டும் சொல்லு" என்றாள் காசில்தா.

நெரெய்தா சொன்னாள். அவள் வேலை செய்வதும், மகளோடு கொல்லைப்புறத்துத் தனி அறையில் குடியிருப்பதும் இப்போலித்தா அம்மாள் வீட்டில். அங்கே பதினொரு பெட்டைகள், இரண்டு சேவல்கள். பெரியது தளபதி, அதன் மகன் சின்னவன். இருட்டும் நேரத்தில் அம்மாளே கூண்டைப் பூட்டிச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டுவாள். சமையலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். காலை ஐந்தரைக்கு எழுந்து கதவைத் திறந்து நெரெய்தாவிடம் சாவியைத் தருவாள். இன்று கூண்டைத் திறந்தால் தளபதி இல்லை. நெரெய்தாதான் ஓடிப்போய்ச் சொன்னாள். சொன்னவள் தலையிலேயே பழி விழுந்தது.

"விடியக்காலைல கூவல் கேட்டுச்சா?"

"அஞ்சு மணிக்கு ஒரு தடவ கேட்டுச்சு. முழிச்சுதான் படுத்திருந்தேன்."

யோர்தி துள்ளி எழுந்தான். "கீரிதாம்மா! சந்தேகமே இல்ல."

"பூட்டத் திறந்து, சேவலத் தூக்கி, மறுபடி பூட்டிட்டுப் போச்சா? படிச்ச கீரியா இருக்கும். வண்டிய எடு."

மூவரும் போய் இறங்கியபோது இப்போலித்தா முற்றத்தில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். காசில்தாவை வரவேற்றுக் காப்பி கொடுத்தாள்; நெரெய்தா பக்கம் திரும்பவே இல்லை.

"என் மகன் அனிபல் நாலு மணிக்கே வாழைக்காய் லாரியோட சந்தியாகோ சந்தைக்குப் போயிட்டான். கூவல் கேட்டது அஞ்சுக்கு. இவ கூண்டத் திறந்தது அஞ்சரைக்கு. கூவின சேவல் அதுக்கப்புறம் இல்ல. நடுவுல கூண்டத் தொட்டவ இவ ஒருத்திதானே?"

யோர்தி அதை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். எங்கும் ஓட்டை தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டை கொக்கரித்தது. இப்போலித்தா சீவுவதை நிறுத்தாமல், "செவப்பி முட்ட போட்டுட்டா" என்றாள். யோர்தி எட்டிப் பார்த்தான். வைக்கோல் பெட்டியிலிருந்து சிவப்புப் பெட்டைதான் இறங்கி வந்தது.

முற்றத்து நடுவில் சின்னவன் ஒரு புழுவைக் கிளறிப் போட்டு, கொக் கொக்கென்று பெட்டைகளை அழைத்துக்கொண்டிருந்தது.

"பெரியவன் எதிர்ல இப்படிக் கூப்பிடுவானா?" என்று கேட்டாள் காசில்தா.

"கூப்பிட்டுத்தான் பாக்கட்டுமே! கொண்டையப் பிச்சிருப்பான். அப்பன் விட்டுக்கொடுத்தாத்தான் இவன் வாய் வைப்பான். ஒரே முற்றத்துல ரெண்டு சேவல் ரத்தமில்லாம இருந்தது அதனாலதான்."

"காலைல எத்தன கூவல் கேட்டுச்சு?"

"ஒண்ணு போதாதா?"

"தினமும் எத்தன கேக்கும்?"

இப்போலித்தாவின் கத்தி நின்றது.

காசில்தா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மழை வருமா என்று பேசுகிற குரலிலேயே சொன்னாள்.

"ஒரு கூட்டத்துல பெரிய சேவல்தான் முதல்ல கூவும். அது கூவின பிறகுதான் அடுத்தது கூவும். மூணு இருந்தா மூணும் வரிசைல கூவும். பெரியவன் கூவி, சின்னவன் பதிலுக்குக் கூவாத விடியல நான் பாத்ததில்ல. இன்னிக்குத் தளபதி கூவியிருந்தா ரெண்டாவது கூவலும் கேட்டிருக்கணும். கேக்கல. அப்ப அந்த ஒத்தக் கூவல் சின்னவனோடது. தனக்கு மேல ஆளில்லன்னா மட்டும்தான் அவன் முதல்ல வாயத் திறப்பான். அஞ்சு மணிக்கே தளபதி கூண்டுல இல்ல."

யோர்திக்குச் சுருக்கென்று உறைத்தது. "சாவி சமையலறைல. கதவு உள்ளே தாழ்ப்பாள். நெரெய்தா வெளிய. அப்ப வீட்டுக்குள்ள இருந்தது..." அவன் பார்வை இப்போலித்தாவிடம் போய் நின்றது.

"ரெண்டே பேர்" என்றாள் காசில்தா. "அதுல ஒருத்தன் நாலு மணிக்கு லாரி ஏறினான். முதுகுப் பக்கம் கொக்கரிச்ச பெட்டைய இன்னதுன்னு சொல்ற உங்களுக்கு, கூவினது சின்னவன்னு தெரியாமப் போச்சாம்மா?"

இப்போலித்தா கத்தியைக் கிழங்குத் தோல்மேல் வைத்தாள்.

"சாவி எடுக்கற சத்தமே கேட்டுச்சு" என்றாள். "அவன் பழகற பொண்ணோட அப்பன் சேவல் பைத்தியம். தளபதியக் குடுத்து அவரு மனசப் புடிக்கணும்னு போன வாரமே கேட்டான். முடியாதுன்னேன். பெத்த பிள்ளையத் திருடன்னு சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?"

"இவளச் சொல்ல வந்துச்சே" என்றான் யோர்தி. வழக்கமாக அதட்டும் காசில்தா இந்த முறை அதட்டவில்லை.

இப்போலித்தா அன்றைக்கு முதன்முறையாக நெரெய்தாவை நிமிர்ந்து பார்த்தாள். "அறை உனக்குத்தான். போய்ப் பொங்கித் தின்னு. இதோட விட்டுடுவோம்."

"அறைக்கு வரேன்மா. எனக்கு வேற போக்கில்ல" என்றாள் நெரெய்தா. "ஆனா காலைல வாசல்ல நின்னு கத்தினீங்க. அதே எடத்துல நின்னு, அதே மாதிரி சொல்லுங்க."

"நீ எடுக்கலன்னு சொல்றேன்."

"யார் எடுத்தாங்கன்னும் சொல்லுங்க."

"என் மகன் பேரையா?"

"எம் பேரச் சொன்னீங்கல்ல."

இப்போலித்தா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீட்டைச் சுற்றி வாசலுக்குப் போனாள். எதிர்க்கடை நிழலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அனிபல்தான் எடுத்தான்!" என்று கத்தினாள். "நெரெய்தா இல்ல! என் மகன் அனிபல்!"