முதல் ஓலை

"ம்மா, இன்னிக்கி மட்டும் கோயிலுக்கு வராத… உன் கால்ல வேணா வுழறேன்!"

தலை பின்னிக்கொண்டே மகள் ஜானட் சொன்னதும், ரோஸ்மேரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி பேசுற? பூசையில, தடை எதுனா கீதான்னு ஊரக் கேட்டு உன் கல்யாண ஓலை வாசிக்கறாங்க. பெத்தவ நான் வராம…?"

"நீ வந்தா யாரு ஓலையக் கேப்பாங்க? 'கலாட்டா கெங்கம்மா'ன்னு கெக்கே பிக்கேன்னு சிரிப்பாங்க. மாப்ள பென்னி வூட்டாளுங்க முன்னாடி எனுக்கு அந்த அசிங்கம் வேணாம். செத்த நைனா பொட்டியாண்ட நின்னுகினு, எவனோ செல்போன நீட்டுனான்னு சிரிச்சவதானே நீ!"

ராயபுரத்துத் திருவிழா நாடகத்தில் நடிக்கத் தொடங்கியவள் ரோஸ்மேரி. டிவி காமெடி நிகழ்ச்சிகளில் துடைப்பத்தால் அடிபட்டு, வழுக்கி விழுந்து, கடைசியில் ஒரு சீரியலில் கெங்கம்மா ஆனாள். துறைமுக வேலையில் இடுப்பொடிந்து படுத்த கணவன் சாலமனுக்கும் மகளுக்கும் எட்டு வருடம் சோறு போட்டது அந்தச் சிரிப்புதான். அவன் செத்த அன்று பெட்டியைச் சூழ்ந்த கூட்டம், கெங்கம்மாவோடு ஒரு போட்டோ எடுக்காமல் வழிவிட மறுத்தது. அவள் சிரித்தாள், வழி கிடைத்தது. இதையெல்லாம் பெற்ற பெண்ணிடம் போய் விளக்கிக்கொண்டிருப்பார்களா?

பூசைக்கு முன்பே பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். "ஃபாதர், ஓலையில என் பேரு வேணாம். அவுங்க நைனா பேரு மட்டும் போதும்." பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாசலுக்கு வெளியே நின்றாள். வாசலில் நின்று கேட்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

"காலஞ்சென்ற சாலமனின் மகள் ஜானட்டுக்கும், திருவொற்றியூர் இக்னேஷியஸ், ஃப்ளோரா ஆகியோரின் மகன் பென்னிக்கும் இது முதல் ஓலை. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்."

"தடை கீது ஃபாதர்!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்றவள் ஜானட்! பென்னியின் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கம்மா பேரு எங்க?"

"அவங்கதாம்மா வேணாம்னாங்க…"

"எங்கம்மா உசுரோட கீது ஃபாதர்! தாயில்லாத பொண்ணாட்டம் படிக்கிறீங்களே… நான்தான் பாவி, வராதன்னு சொன்னேன்!"

பக்கவாசலில் எழுந்த கேவலைக் கேட்டு ஜானட் ஓடிவந்து, ரோஸ்மேரியைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கி இன்னாத்துக்கும்மா சிரிச்சே?"

"சிரிச்சாதான்டி நவுந்தானுங்க… உங்க நைனாவத் தூக்கணுமே…"

ஜானட் அலறி அழுதாள். பிறகு தாயின் கையைப் பிடித்து, நடுவழியே நடத்திவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தாள்.

சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் வாசித்தார்.

"ரோஸ்மேரி, காலஞ்சென்ற சாலமன் ஆகியோரின் மகள் ஜானட்டுக்கும்…"

கோயிலில் ஒருவரும் சிரிக்கவில்லை.