நீல டப்பாவில் பன்னிரண்டு பொட்டலங்கள்

மணி மூன்று பத்து. சாருலதா ஃப்ரீசரைத் திறந்தாள்.

ஐஸ் இருந்தது. துருவிய தேங்காய் இருந்தது. நீல டப்பாவைக் காணோம்!

“அப்பா! இங்க இருந்த நீல டப்பா எங்கே?”

லாப்டாப் மீட்டிங்கில் இருந்த அனந்தநாராயணன் தலையைத் தூக்கினார். “அதுவா? நாலாம் மாடி பத்ரி மாமாவோட டப்பா. திருப்பிக் குடுத்துடுங்கோ, காலியா குடுக்காதீங்கோன்னு உங்கம்மா ஆபீஸ் போறச்சே சொன்னா. எடுத்துப் பார்த்தேன், கனமா இருந்தது. அவளே ஏதோ போட்டு வெச்சிருக்கான்னு நெனச்சு இப்பத்தான் குடுத்துட்டு வந்தேன்.”

செம்பூரில் இவர்கள் கட்டடத்தில் அது எழுதாத சட்டம். அடுத்த வீட்டு டப்பா காலியாகத் திரும்பக் கூடாது. நாலு முறுக்கு, ஒரு பிடி சர்க்கரை, ஒன்றுமே இல்லாவிட்டால் இரண்டு பச்சை மிளகாயாவது உள்ளே இருக்க வேண்டும்.

“ஐயோ அப்பா! அதுல இருந்தது நரியோட கக்கா!”

மைக் அணைக்கப்படவில்லை. மீட்டிங்கில் இருந்த பதினோரு பேரும் அதைக் கேட்டார்கள்.

சாருவின் சித்தி ஸ்ரீலேகா ஆராய்ச்சியாளர். கட்டடத்துக்குப் பக்கத்திலிருக்கும் கழிமுகத்து அலையாத்திக் காட்டில் வாழும் நரிகளைப் பற்றி ஆராய்கிறாள். நரி பயந்தால் அதன் உடம்பில் ஒரு ஹார்மோன் கூடும். அதன் மிச்சம் கக்காவில் இருக்கும். அந்த அளவு ஏறிக்கொண்டே போனால் அங்கே நரிகளுக்கு ஆபத்து என்று அர்த்தம். “நரியெல்லாம் அழிஞ்சப்புறம் எண்ணிப் பார்த்து என்ன பிரயோஜனம் சாரு? முன்னாடியே தெரியணும்” என்பாள் சித்தி.

குடியிருப்போர் சொசைட்டியின் செயலாளர் பத்ரிநாராயணன் மாமாதான் இரண்டு வாரமாக, கேட் பக்கம் வரும் நரிகளை விரட்டத் தினமும் சாயங்காலம் வெடி போட வைக்கிறார். வெடிக்கு முன் ஆறு பொட்டலம், பின் ஆறு பொட்டலம் என்று சித்தி சேற்றில் அலைந்து சேர்த்திருந்தாள். லேப் ஃப்ரீசர் ரிப்பேர். இறுக்கமான மூடி என்று, கண்ணில் பட்ட நீல டப்பாவில் போட்டு நேற்று இங்கே வைத்தாள். நாலு மணிக்கு லேபிலிருந்து சாய்நாத் ஐஸ் பெட்டியோடு வருவார். அதற்குள் உருகினால் எல்லாம் வீண்!

சாரு படிகளில் பறந்தாள். மூன்றாம் மாடியிலேயே மூக்கில் ஏறியது காய்ந்த எண்ணெய் வாசனை.

“வாடி கொழந்தே!” மாமா கையில் கத்தரிக்கோல். மேஜையில் திறந்த டப்பா. “மாமி பூனா போயிருக்கா. ஒரு மாசமா எனக்கு எண்ணெய்ப் பலகாரமே கெடையாது. உங்கம்மா தெய்வமாக்கும்! வாழைப்பூ வடையை உருட்டி, ஃப்ரீஸ் பண்ணி, ஒவ்வொண்ணுலயும் நம்பர், தேதி! என்ன சுத்தம்!”

“மாமா, அதைத் திருப்பித் தாங்கோ.”

“குடுத்ததைக் கேக்கறதாவது!” மாமா டப்பாவைக் கட்டிக்கொண்டார்.

சாரு முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு டப்பாவைப் பிடுங்கினாள். பொட்டலங்கள் இன்னும் கல் மாதிரி இருந்தன. மூடியை அழுத்தி, மாமாவின் ஃப்ரீசரிலேயே வைத்துக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னாள்.

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். “அரே பாப்ரே! மூணாம் நம்பரை மோந்து வேற பார்த்தேனேடி!”

சாரு தண்ணீர் கொடுத்தாள். “நெஞ்சு படபடங்கறதா மாமா?”

“படபடங்கறது!”

“வேர்க்கறதா?”

“கொட்டறது!”

“அந்த ஹார்மோனோட வேலைதான். நீங்க வெடி போட்டா நரிக்கும் இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள். அதுக்கு ரெண்டு வாரமா தினமும்.”

மாமா வேர்வையைத் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்போ என்னோடதுலயும் தெரியுமா?”

“தெரியும் மாமா.”

“உங்க சித்திகிட்ட சொல்லிடாதே! டப்பாவோட வந்து நிப்பா.”

சாருவுக்குச் சிரிப்பு வந்தது. “சொல்லலை. ஆனா மாமா, நரி ஏன் நம்ம கேட்டுக்கு வரது? குப்பைத் தொட்டிக்கு மூடியே இல்லையே. மீன் முள்ளும் மிச்சச் சோறும் திறந்து கெடந்தா வராதா?”

“மூடி வாங்கணும்னு தீபாவளியிலேர்ந்து நெனச்சிண்டிருக்கேன்…” என்று இழுத்தார் மாமா.

நாலு மணிக்குச் சித்தியும் சாய்நாத்தும் வந்தார்கள். பன்னிரண்டு பொட்டலங்களும் கல்லாகவே ஐஸ் பெட்டிக்குள் போயின. ஐந்து மணிக்கு மாமா ஆட்டோவில் இரண்டு பெரிய மூடிகளோடு வந்து இறங்கினார். வெடிக்கட்டு கடைக்கே திரும்பிப் போயிற்று.

அம்மா வீட்டுக்கு வந்ததும் விஷயம் தெரிந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். உடனே புது நீல டப்பா ஒன்றை வாங்கி, முறுக்கு நிரப்பி, சாருவிடம் கொடுத்தனுப்பினாள்.

மாமா அதை இரண்டு விரலால் வாங்கினார். “நீ முதல்ல ஒண்ணு சாப்பிடு.”

சாரு கடித்தாள். மாமா ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தானும் ஒன்றை எடுத்தார்.

கடக், முடக்!

அன்று சாயங்காலம் அந்தக் கட்டடத்தில் கேட்ட ஒரே வெடிச்சத்தம் அதுதான்.